படத்தை யாருக்கும் காட்டாமலே படத்தைத் தடுக்கலாம்

"உன் ஃபாலோயர்ஸ் லிஸ்ட் என்கிட்ட இருக்கு. ஒரு மணி நேரம் டைம்." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் வகுப்புத் தோழர்கள், சித்தப்பா மகன், டியூஷன் டீச்சர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். இன்ஸ்டாவில் பழகி, படம் வாங்கி, பிறகு பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இந்த அச்சில்தான் வரும். எதிரில் இருப்பவர் ஒரு பெண்பிள்ளை என்று நம்பிப் பேசிய பையன்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

அந்த நிமிடத்தில் பிள்ளைக்குத் தோன்றுவது இரண்டே வழி. கேட்ட காசைக் கொடுப்பது, அல்லது யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இரண்டுமே நிலைமையை மோசமாக்கும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்பது நம் ஊர்ப் பெற்றோரில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. காசு வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், அந்தப் படத்தை ஒருவர் கண்ணிலும் காட்ட வேண்டாம். இதை நடத்துபவை லாப நோக்கில்லாத அமைப்புகள். அதை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே அது கைவிடும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் பெயர்: டேக் இட் டவுன். அமெரிக்காவில் 1984-ல் தொடங்கிய, காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் (சுருக்கமாக என்சிஎம்இசி) 2023 பிப்ரவரியில் இதைத் திறந்தது. அமெரிக்கர்களுக்கு மட்டும் என்றில்லை, மதுரையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாரும் பயன்படுத்தலாம். நிபந்தனை ஒன்றுதான். படம் எடுக்கப்பட்டபோது அதில் இருப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்கக் கூடாது. இப்போது 22 வயதானவர், தன் 16 வயதுப் படத்துக்காக இதில் போகலாம். ஏஐ கொண்டு ஆடை நீக்கிச் செய்த பொய்ப் படத்துக்கும் இது செல்லும்.

படம் இருக்கும் அதே போனில் பிரவுசரைத் திறந்து அந்தத் தளத்துக்குப் போக வேண்டும். சில கேள்விகள் வரும். வயது, படத்தின் தன்மை, அவ்வளவுதான். பிறகு கேலரியிலிருந்து படத்தையோ வீடியோவையோ தேர்ந்தெடுக்கச் சொல்லும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். "அய்யோ, அப்லோட் பண்ணச் சொல்றாங்களே!" அப்லோட் ஆவதில்லை. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. ஹாஷ் என்பார்கள். அந்தக் கைரேகை மட்டும்தான் வெளியே போகிறது. படம் போனைவிட்டு நகர்வதே இல்லை.

கைரேகை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் போகும், அதோடு இது எங்கே தவறும் என்பதும் புரியும். பரவலாகப் புழங்கும் முறைகளில் ஒன்று பிடிக்யூ. ஃபேஸ்புக் 2019-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அது படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும். 64-க்கு 64 புள்ளிகளாகச் சுருக்கும். முகம் எது, சுவர் எது என்று அதற்குத் தெரியாது. வெளிச்சம் எங்கே மெல்ல மாறுகிறது, எங்கே சட்டென்று மாறுகிறது என்று மட்டும் கணக்கெடுத்து, 256 ஒன்றுகளும் பூஜ்யங்களுமாக எழுதி வைக்கும். அந்த 256 இலக்கத்தை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப வரைய முடியாது. ஆனால் அதே படம் இன்னொரு இடத்தில் ஏறும்போது அதன் 256 இலக்கத்தோடு ஒப்பிட முடியும். 31 இடம் வரை வேறுபட்டாலும் அது அதே படம்தான் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வாட்ஸாப்பில் போய் வந்து தரம் குறைந்த படமும், அளவு மாற்றிய படமும் இதனால் மாட்டிக்கொள்ளும்.

மாட்டாதது எது? நன்றாக வெட்டிய படம். இடவலம் திருப்பிய படம், சாய்த்த படம். மேலே பெரிய எழுத்தோ ஸ்டிக்கரோ ஒட்டிய படம். ஆகவே மூலப்படத்தை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மிரட்டுபவன் திருப்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், நான்கு படங்களை ஒன்றாக ஒட்டிய கொலாஜ், பெயர் எழுதியது என்று எத்தனை வடிவம் கையில் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகக் கைரேகை எடுக்க வேண்டும். வீடியோவில் கூடுதல் கவனம் தேவை. எம்டி5 போன்ற முறைகள் கோப்பு அச்சு அசல் அப்படியே இருந்தால்தான் பொருந்தும். ஒரு நொடி வெட்டினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். வீடியோவிலிருந்து அவன் எடுத்த ஸ்டில் படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளை மூலப்படத்தை அழித்திருந்தால், மிரட்டல் சாட்டில் அவன் அனுப்பிய படத்தைச் சேமித்து அதற்குக் கைரேகை எடுக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை: கூகுள் போட்டோஸ் பேக்கப்பை அணைத்துவிடுங்கள். கேலரியில் சேமித்த மறுநொடி அது தானாக கிளவுடுக்கு ஏறிவிடும். அங்கே ஏறும் படங்களைக் கூகுள் தானியங்கியாகச் சோதிக்கிறது, அதில் மாட்டினால் கணக்கே முடங்கும். மருத்துவருக்குக் காட்ட எடுத்த குழந்தைப் படத்தால் தன் கணக்கை மொத்தமாக இழந்த அமெரிக்கத் தகப்பன் ஒருவரின் கதை 2022-ல் பெரிய செய்தியானது. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், பழைய படங்கள் எல்லாம் ஒரே அடியில் போயின. பேக்கப்பை அணைத்த பிறகு சேமியுங்கள், வேலை முடிந்ததும் கூடுதல் பிரதிகளை நீக்குங்கள். சாட்டில் உள்ளது மட்டும் சாட்சியாக அங்கேயே இருக்கட்டும்.

கைரேகைப் பட்டியலை வாங்கிச் சோதிக்க ஒப்புக்கொண்ட தளங்களில் மட்டும்தான் இது வேலை செய்யும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் அதில் இருக்கின்றன. பெரிய ஆபாசத் தளங்களில் சிலவும் இருக்கின்றன. வாட்ஸாப்பின் தனிச் செய்திகளுக்குள் இதால் எட்டிப்பார்க்க முடியாது, அவை பூட்டப்பட்டவை. ஏற்கெனவே ஒரு பக்கத்தில் ஏறிவிட்ட படத்துக்கு, கைரேகையோடு நிற்காமல் அந்தப் பதிவின் லிங்க்கை வைத்து அந்தத் தளத்திலேயே நேரடியாகப் புகார் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இப்படிப்பட்ட புகாருக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. மார்பிங் செய்த படமும் அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் தரலாம். தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் போகும் மின்னஞ்சலில் விதி 3(2)(பி) என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுப் புகார்க் குவியலில் விழாமல் இருக்க அது உதவும்.

படம் எடுத்தபோதே 18 தாண்டியவருக்கு வழி வேறு. ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம், 2021 டிசம்பரில் தொடங்கியது. எஸ்டபிள்யூஜிஎஃப்எல் என்ற பிரிட்டன் அறக்கட்டளை நடத்துகிறது. முறை அதேதான். முடிவில் ஒரு வழக்கு எண்ணும் ஒரு பின் எண்ணும் தரும். அந்தப் பின்னைத் தொலைத்தால் திரும்பக் கிடைக்காது, பிறகு நிலவரம் பார்க்கவும் முடியாது. போனில் வைக்காமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் விஷயத்தில் எந்தத் தளம் என்ற குழப்பம் அடிக்கடி வரும். பார்க்க வேண்டியது இன்றைய வயதை அல்ல, படம் எடுத்த நாளின் வயதை.

இன்னொரு குழப்பம்: 2025 மே மாதம் அமெரிக்காவில் டேக் இட் டவுன் என்ற அதே பெயரில் ஒரு சட்டமும் வந்தது. புகார் வந்த 48 மணி நேரத்தில் தளங்கள் படத்தை நீக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். மேலே சொன்ன சேவை அதற்கு முந்தையது, வேறானது.

இனி கைரேகைக்கு முன் செய்ய வேண்டியது. சாட்சியைக் காப்பாற்றுவது. பதற்றத்தில் பெற்றோர் செய்யும் முதல் காரியம் பிளாக். கையை அடக்குங்கள். டெலிகிராமில் எதிரில் இருப்பவன் நினைத்தால் மொத்த உரையாடலையும் இரண்டு பக்கமும் சுவடின்றி அழித்துவிடலாம். இன்ஸ்டாவில் அனுப்பியதைத் திரும்ப எடுக்கலாம். ஸ்னாப்சாட்டில் செய்தி தானே மறையும். அதனால் இன்னொரு போனை எடுத்து, பிள்ளையின் போன் திரையை மெதுவாக ஸ்க்ரோல் செய்தபடி வீடியோவாகப் பிடியுங்கள். ஸ்கிரீன்ஷாட் தடுக்கப்பட்ட சாட்டிலும் இது முடியும். அந்தரங்கப் படம் வரும் இடத்தில் மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு இன்னொரு பிரதி உங்கள் போனில் உருவாகவே கூடாது. வக்கீல் மாமாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிக் கருத்து கேட்பதும் கூடாது. அதுவும் பரப்புவதுதான்.

பிடிக்க வேண்டியவை: மேலே தெரியும் காட்சிப் பெயர் அல்ல, கீழே இருக்கும் யூசர்நேம். காட்சிப் பெயரை அவன் அரை நிமிடத்தில் மாற்றிவிடுவான். புரொஃபைல் லிங்க்கைக் காப்பி செய்து எழுதி வையுங்கள். செய்தி வந்த தேதி, நேரம், கேட்ட தொகை, கொடுத்த யூபிஐ ஐடி அல்லது கணக்கு எண். பணம் போயிருந்தால் 12 இலக்க யூடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான தனி அடையாள எண்), அதோடு உடனே 1930-க்கு அழைப்பு. அந்த எண் பண மோசடிக்கானது, சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் போகும் வழியில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வாட்ஸாப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. ரிப்போர்ட் அழுத்தினால் வரும் பெட்டியில், பிளாக் செய்து சாட்டையும் நீக்கவா என்று ஒரு டிக் இருக்கும். அதைக் கவனிக்காமல் சரி என்று தட்டினால் சாட்சி மொத்தமும் போய்விடும். டிக்கை எடுத்துவிட்டு ரிப்போர்ட் செய்யுங்கள். கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸாப்புக்குப் போகும், அது போதும். எல்லாம் பிடித்து முடித்த பிறகு பிளாக்.

பணம் கொடுக்க வேண்டாம் என்பதை நீதிபோதனையாகச் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் பெயருக்கு எதிரே "கொடுக்கக்கூடியவர்" என்று குறிப்பு விழுகிறது. அடுத்த நாள் ஐயாயிரம். பிறகு போலீஸ் அதிகாரி என்றும், யூடியூபில் வீடியோவை நீக்கித் தருபவர் என்றும் அதே கும்பலின் வேறு குரல்கள் வரும். 2022-ல் என்சிஎம்இசிக்கு இந்தப் பண மிரட்டல் குறித்து வந்த புகார்கள் 10,731. அடுத்த ஆண்டே 26,718. ஒரே ஆளிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. காசு வராது என்று தெரிந்தால் பெரும்பாலும் அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விடுகிறார்கள். போகாமலும் இருக்கலாம், அதற்குத்தான் கைரேகையை முன்கூட்டியே எடுத்து வைப்பது.

காவல்துறைப் பக்கம் வருவோம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், போன் எண்ணோடு பதிந்து தொடர்ந்து கண்காணிக்கவும் செய்யலாம். யாரோ அனுப்பிய ஃபார்வர்டைப் பற்றியதென்றால் முதல் வழி போதும். உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும். பெயரில்லாப் புகாரில் விசாரணை அதிகாரி உங்களைத் திரும்ப அழைக்க முடியாது. விவரப் பெட்டியில் குறைந்தது 200 எழுத்து எழுத வேண்டியிருக்கும். முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள், பாதியில் செஷன் முடிந்து எல்லாம் போகும் எரிச்சல் மிச்சம்.

நேரில் போவதென்றால் தமிழ்நாட்டில் போக்சோ வழக்குகளை அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் கவனிக்கின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டிய அவசியமில்லை. போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும் என்கிறது. கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். 26-ஆம் பிரிவின்படி பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். எல்லை எங்களுடையதில்லை என்று சொன்னால், எந்த நிலையத்திலும் பதியலாம் என்பதற்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சுட்டுங்கள். இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பதற்றத்தில் நினைவுக்கு வராது.

இதுவரை நம் வீட்டுப் பிள்ளை. ஊரார் பிள்ளையின் வீடியோ குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்து விழும்போது நாம் செய்வதுதான் மனதை உறுத்துகிறது. "இந்தக் கொடூரனைப் பிடிக்கும் வரை ஷேர் செய்யுங்கள்" என்ற வாசகத்தோடு வரும். அனுப்புபவர்கள் நல்லவர்கள், கொதித்துப்போய் அனுப்புகிறார்கள். 2020 அக்டோபர், நவம்பரில் தாங்கள் என்சிஎம்இசிக்குப் புகாரளித்தவற்றை ஃபேஸ்புக் ஆராய்ந்து பார்த்தது. 90 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே தெரிந்த படங்களின் மறுபிரதிகள். வெறும் ஆறே ஆறு வீடியோக்களின் பிரதிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல். பகிர்ந்த கணக்குகளில் 150-ஐத் தனியே எடுத்துப் பார்த்ததில், முக்கால்வாசிக்கும் மேல் கெட்ட எண்ணத்தோடு பகிரவில்லை என்று மதிப்பிட்டார்கள். ஆறு வீடியோ. அதில் இருக்கும் குழந்தைகள் இன்று வளர்ந்து எங்கோ இருப்பார்கள், நாம் கோபத்தில் தட்டும் ஒவ்வொரு ஃபார்வர்டும் அவர்களைத் தேடிக்கொண்டே போகிறது.

குழுவில் வந்தால்: அனுப்பியவர் எண், குழுவின் பெயர், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் கொடுங்கள். பிறகு போனிலிருந்து நீக்குங்கள். வாட்ஸாப் தானாக டவுன்லோட் செய்து கேலரியிலும் போட்டிருக்கும், அங்கேயும் பார்த்து நீக்க வேண்டும். செட்டிங்கில் மீடியா ஆட்டோ டவுன்லோடை இன்றைக்கே அணைத்துவிடலாம்.

வைத்திருப்பதே குற்றமா என்ற கேள்விக்கு விடை வந்தது ஒரு சென்னை வழக்கில்தான். போனில் இறக்கி வைத்ததும் பார்த்ததும் மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஜஸ்ட் ரைட்ஸ் ஃபார் சில்ட்ரன் அலையன்ஸ் என்ற தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2024 செப்டம்பர் 23-ல் அந்த ரத்து தள்ளுபடியானது. பரப்பும் எண்ணத்தோடு நீக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருப்பதே போக்சோ 15-ஆம் பிரிவில் குற்றம் என்று தீர்ப்பு தெளிவாக்கியது. "குழந்தை ஆபாசம்" என்ற சொல்லையே நீதிமன்றங்கள் கைவிட வேண்டும், நடந்தது ஒரு குழந்தை மீதான சுரண்டலும் வன்கொடுமையும் என்று பெயரிலேயே தெரிய வேண்டும் என்றும் சொன்னது. வெளியிலிருந்து ஒரு தொண்டமைப்பு முன்வந்து வழக்காடியிராவிட்டால் அந்த ரத்து அப்படியே முன்னுதாரணமாக நின்றிருக்கும்.

திறந்த இணையப் பக்கத்தில் இப்படி எதையாவது தற்செயலாகக் கண்டால் அதற்கு இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் இருக்கிறது. 1996-ல் பிரிட்டனில் தொடங்கியது, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் அலுவலகம். மும்பையின் ஆரம்ப் இந்தியாவோடு சேர்ந்து 2016-ல் இந்தியாவுக்கான புகார்ப் பக்கத்தையும் திறந்தது. லிங்க்கை ஒட்டினால் போதும், பெயர் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம், இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும் வேண்டாம். பார்ப்பதற்கென்று பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டாய உளவியல் ஆலோசனை உண்டு. தொடங்கிய ஆண்டில் உலகில் அறியப்பட்ட இந்த வகைப் பதிவுகளில் 18 சதவீதம் பிரிட்டன் சர்வர்களில் இருந்தது. இன்று ஒரு சதவீதத்துக்கும் கீழ். 2023-ல் அவர்கள் உறுதிசெய்த பக்கங்கள் 2,75,652. அவற்றில் 92 சதவீதத்தில் பெரியவர் யாரும் அறையில் இல்லை. பிள்ளை தன் கையிலிருந்த கேமராவில், திரைக்கு அப்பாலிருந்து ஒருவர் மயக்கியோ மிரட்டியோ சொன்னதைச் செய்திருக்கிறது. பல ஆண்டு மறுத்த டெலிகிராமும் 2024 டிசம்பரில் இந்த அமைப்பில் உறுப்பினரானது. அதன் பொதுச் சேனல்களுக்கு இந்தக் கைரேகைப் பட்டியல் இப்போது போய்ச் சேருகிறது.

பிள்ளையோடு பேச ஆள் வேண்டுமென்றால் 1098, நாள் முழுக்க. 1996-ல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களத் திட்டமாகத் தொடங்கி, நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் வளர்த்த எண் அது. 2023-லிருந்து அரசே நடத்துகிறது. சென்னையில் துளிர் என்ற அமைப்பு 2004 முதல் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதிலும், அதிலிருந்து மீள உதவுவதிலும் ஈடுபட்டிருக்கிறது.

கடைசியாகப் பிள்ளையின் போன். அதைப் பிடுங்கி, ஃபார்மட் அடித்து, பீரோவில் பூட்டும் வீடுகள் அதிகம். ஃபார்மட் அடித்தால் யூசர்நேமும் சாட்டும் மூலக் கோப்பும் போய்விடும். எலக்ட்ரானிக் சாட்சிக்கு நீதிமன்றம் கேட்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணையே எழுத வேண்டும், கோப்பு இல்லாமல் ஹாஷ் ஏது. போனைச் சார்ஜ் போட்டு, ஏர்பிளேன் மோடில், தானாக மறையும் செய்திகளை ஏற்கெனவே வீடியோ பிடித்துவிட்ட நிலையில், பத்திரமாக வையுங்கள். சிம்மைக் கழற்றி வீட்டில் இருக்கும் பழைய போனில் போட்டு அன்றைக்கே பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். மறுபடி அந்த ஆள் வேறு பெயரில் வந்தால், அது தண்டனையாகிவிடுமோ என்று பயப்படாமல் பிள்ளை அந்தப் போனை நேரே உங்களிடம் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.